தன்னைவிடச் சிறியதொன்று

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஐந்து வயது மகள் ஒரு துணி முயலை இரண்டு ஆண்டுகளாகக் கையைவிட்டு இறக்குவதில்லை. அதற்கு ஊட்டிவிடுகிறாள், போர்த்திவிடுகிறாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறாள். ஆனால் சென்ற வாரம் அதே முயலைத் தரையில் ஓங்கி அடித்து, "எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று கத்தியிருக்கிறாள். அது தன் வாயிலிருந்து மகள் எடுத்துக்கொண்ட வாசகம் என்பது தாய்க்கு உடனே தெரிந்துவிட்டது. முயலின் ஒரு காது இப்போது பிய்ந்து தொங்குகிறது. பொம்மைகள் குழந்தைகளுக்கு மென்மையையும் கனிவையும் கற்றுத்தருகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மைதானா, அல்லது பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் இனிய கற்பனையா, அந்தப் பழைய முயலை எறிந்துவிட்டுப் புதியது வாங்கிவிடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

உண்மைதான். ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் பொருளில் அன்று. எந்தப் பொம்மைக்குள்ளும் கனிவை வைத்து யாரும் தைப்பதில்லை. தனக்குக் கிடைத்த கனிவைக் குழந்தை தன் கையால் திரும்பச் செய்து பார்க்கும் இடமாகப் பொம்மை இருக்கிறது. கிடைத்தது அதட்டலாக இருந்தால் அதையும் குழந்தை அங்கேதான் செய்து பார்க்கும். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று தொடங்கும் பழம்பாடல், நட்பையும் தயையையும் கொடையையும் மட்டும் பிறவிக் குணம் என்று தனியே பிரித்து வைத்து முடிகிறது. மழலையர் பள்ளியில் 22 ஆண்டுகள் சிறு குழந்தைகளின் நடுவே இருந்தவள் என்ற முறையில், பாடலின் மற்ற அடிகளை ஏற்கும் எனக்கு அந்தக் கடைசி அடியை மட்டும் முழுமையாக ஏற்க முடிவதில்லை. தயையின் விதை மிகச் சீக்கிரமே முளைத்துவிடுகிறது என்பது மெய்தான். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மாதக் குழந்தைகள், முன்பின் அறியாத ஒருவர் கைதவறிக் கீழே போட்டு எட்டாமல் தவித்த பொருளை, யாரும் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் உதவ வேண்டும் என்று தோன்றுவது வேறு, உதவப்போகும் கை மென்மையாக இருப்பது வேறு. தொட்டிலில் கிடக்கும் தம்பியின் கன்னத்தைத் தடவ விரும்பும் இரண்டு வயதுக் குழந்தை, பல வேளைகளில் அவனை அறைந்துவிடுகிறது. அன்பில் குறையில்லை, எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை. அந்தக் கணக்கு வருவதற்குப் பல நூறு தடவை பழக வேண்டும். தம்பியின் கன்னத்தில் அவ்வளவு தடவை பழகிப் பார்க்க முடியாது. முயலின் கன்னத்தில் முடியும்.

பொம்மை ஏன் இதற்கு இவ்வளவு பொருத்தமாக அமைகிறது என்பதைக் குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். வீட்டில் உள்ள எல்லோரும் அதைவிடப் பெரியவர்கள். எப்போது எழுவது, எதை உடுத்துவது, எங்கே போவது, எப்போது விளையாட்டை நிறுத்துவது என்பதை எல்லாம் மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். தூக்குகிறார்கள், இறக்குகிறார்கள், முகத்தைத் துடைக்கிறார்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். நாள் முழுவதும் பிறருடைய வலிமைக்குக் கீழே வாழும் அந்தச் சிறு உயிருக்கு, தன்னைவிடச் சிறியதாக, தன் கையில் முற்றிலும் அடங்கியதாகக் கிடைக்கும் ஒரே ஒன்று அந்த முயல். அதன் முன்னால் குழந்தை முதன்முதலாக வலியவராகிறது. கனிவு என்பதே வலியவர் மெலியவரிடம் காட்டக்கூடிய ஒன்று. கையில் வலிமை இல்லாத இடத்தில் பணிவு இருக்கலாம், அச்சம் இருக்கலாம், கனிவு காட்ட வாய்ப்பே இல்லை. எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம், எதிர்க்க யாரும் இல்லை என்ற நிலையில் என்ன செய்வது என்ற கேள்வி ஒரு மனிதருக்கு முதன்முதலில் எழுவது இரண்டு அல்லது மூன்று வயதில், ஒரு பொம்மையின் முன்னால்தான்.

உலகெங்கும் அறியப்பட்ட கரடிப் பொம்மையின் பெயரே இப்படிப்பட்ட ஒரு தருணத்தில் பிறந்தது. 1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குச் சென்றிருந்தபோது, உடன் இருந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, சுடும்படி அவரை அழைத்தார்கள். கட்டுண்ட விலங்கைச் சுடுவது முறையன்று என்று அவர் மறுத்துவிட்டார். கிளிஃபோர்ட் பெரிமன் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம் தம்பதியர் ஒரு துணிக்கரடியைச் செய்து, அதிபரின் செல்லப்பெயரான 'டெடி'யை அதற்குச் சூட்டினர். காயப்பட்டிருந்த அந்த உண்மையான கரடி பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் துன்பத்தை முடித்துவிடும்படி அதிபரே பணித்தார். பொம்மையாகி வீடுகளுக்குள் வந்தது அந்தக் கதையின் மென்மையான பாதி மட்டும்தான். கட்டுண்டு கிடக்கும் ஒன்றின் முன்னால் கையை இறக்கிக்கொண்ட அந்தப் பாதியை மக்கள் பிடித்து வைத்துக்கொண்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொம்மை எதனால் செய்யப்பட்டது என்பதும் கைக்குப் பாடம் சொல்கிறது. ஜெர்மனியின் கீங்கன் நகரில் 1847-இல் பிறந்த மார்கரெட்டே ஷ்டைஃப், குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கி, வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருந்தவர். வலது கையையும் எளிதாக அசைக்க இயலாது. தையல் தொழில் செய்துவந்த அவர் 1880 வாக்கில் கம்பளித் துணியால் சிறு யானைகளைத் தைத்தார். அவை ஊசி குத்தி வைப்பதற்கான மெத்தைகள். ஆனால் குழந்தைகள் அவற்றை எடுத்துக்கொண்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அதிலிருந்துதான் அவருடைய துணிப்பொம்மைத் தொழில் வளர்ந்தது. மென்மையான ஒன்று கைக்குள் வந்தால் கை தானாகவே தன் பிடியைத் தளர்த்துகிறது. மரக்கட்டையையோ தகரக் காரையோ எடுக்கும் அதே குழந்தை, துணிப்பொம்மையை எடுக்கும்போது விரல்களை வேறு விதமாக விரிப்பதை யாரும் வீட்டிலேயே கவனிக்கலாம். இது புதிய செய்தியும் அன்று. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானியர் காலத்துத் துணிப்பொம்மை ஒன்று, ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. நார்த்துணியால் தைத்து, உள்ளே கந்தல்களையும் பாப்பிரஸ் என்னும் நாணல் தாளின் துண்டுகளையும் திணித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கல்லும் களிமண்ணும் மரமும் கிடைக்காமல் போய்விடவில்லை. கட்டிக்கொள்ளத் துணிதான் வேண்டும் என்பதை யாரோ ஒருவர் அறிந்திருந்தார்.

இனி, பொம்மையின் மௌனம். இதையே நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். முயல் பசிக்கிறது என்று சொல்லாது. அதற்குப் பசிக்கும் என்று குழந்தைதான் நினைக்க வேண்டும். குளிரும், பயமாக இருக்கும், விளக்கை அணைத்தால் அழும் என்பதையெல்லாம் குழந்தை தன்னுள் தேடி எடுத்து முயலுக்குக் கொடுக்கிறது. தன்னுள் இருப்பதை இன்னொன்றில் வைத்துப் பார்ப்பதும், பின் அதன் இடத்திலிருந்து யோசிப்பதும்தான் பரிவின் முதல் அசைவு. குழந்தைக்கு அது உயிரில்லாதது என்பது தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகத் தெரியும். உண்மையான பூனைக்குட்டி கீழே விழுந்தால் பதறி ஓடிவரும் குழந்தை, முயல் கீழே விழுந்தால் 'பாவம்' என்று சொல்லிவிட்டு நிதானமாக எடுக்கும். தெரிந்துகொண்டே அதற்கு உயிர் கொடுப்பதில்தான் அந்த விளையாட்டின் பெருமை இருக்கிறது.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகள் பொம்மைகளோடு விளையாடும்போது அவர்களுடைய மூளையின் இயக்கம் அளக்கப்பட்டது. பிறருடைய மனத்தைப் புரிந்துகொள்வதற்கு உதவும் ஒரு பகுதி, அவர்கள் தனியாகப் பொம்மைகளோடு விளையாடும்போதும், இன்னொருவரோடு சேர்ந்து விளையாடும்போது இயங்கிய அளவுக்கே இயங்கியது; தனியாக டேப்லெட்டில் விளையாடும்போது அந்த அளவுக்கு இயங்கவில்லை. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடும் அதில் தெரியவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு பொம்மை நிறுவனம் என்பதால், அதன் மேல் பெரிய கோட்டை எதையும் நான் கட்டமாட்டேன். ஆனாலும் பள்ளியின் மூலையில் தனியே உட்கார்ந்து இரண்டு பொம்மைகளுக்காக மாறிமாறிப் பேசும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பளிக்காது. பொத்தானை அழுத்தினால் 'எனக்குப் பசிக்கிறது' என்று தானே பேசும் பொம்மைகளை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. குழந்தை செய்ய வேண்டிய வேலையில் பாதியை அவை செய்துவிடுகின்றன. பேட்டரி தீர்ந்ததும் அவற்றின் பசியும் தீர்ந்துவிடுகிறது.

அந்தத் தாயை வருத்திய காட்சிக்கு இப்போது வருகிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளரும் அவருடைய துணையாளர்களும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிக் குழந்தைகள் 72 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் உதைப்பதையும் பார்த்தார்கள். இன்னொரு பகுதியினர், அந்தப் பொம்மையின் பக்கமே திரும்பாமல் அமைதியாக வேறு விளையாட்டில் இருந்த பெரியவரைப் பார்த்தார்கள். மற்றவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பின்னர் தனியே விடப்பட்டபோது, அடிப்பதைப் பார்த்த குழந்தைகளில் பலர் அதே மாதிரி அடித்தார்கள். அதோடு நில்லாமல், அந்தப் பெரியவர் சொன்ன அதே சொற்களையும் சொன்னார்கள். அடித்தால் சாய்ந்து மீண்டும் நிமிரும்படி செய்யப்பட்ட பொம்மையை அடிப்பதில் என்ன வியப்பு என்று பின்னால் சிலர் குறை சொன்னதுண்டு. அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் சொற்களைக் குழந்தைகள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு அது விடை சொல்வதில்லை.

ஆகவே 'எத்தனை தடவை சொல்றது உனக்கு?' என்பதைக் கேட்டு அந்தத் தாய் திடுக்கிட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதட்டப்பட்டபோது மகள் சிறியவளாக இருந்தாள். அந்த அனுபவம் என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. மறுபக்கத்தில், பெரியவளாக நின்று பார்த்தால் அது எப்படி இருக்கும் என்பதை முயலை வைத்துத் தெரிந்துகொள்கிறாள். இதே குழந்தைதான் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்க்கிறாள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதை அவள் எங்கே கற்றாள்? அதுவும் அதே தாயிடமிருந்து வந்ததுதான். ஒன்றை மட்டும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது சரியான கணக்காகாது.

அடிபட்ட பிறகும் முயல் அங்கேயே இருப்பதில் இன்னொரு பாடம் இருக்கிறது. இதை மிக ஆழமாகப் பார்த்தவர் டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட. குழந்தை விடாமல் பற்றிக்கொள்ளும் போர்வைத் துண்டு, துணிப்பொம்மை போன்றவற்றைப் பற்றி 1951-இல் அவர் ஒரு கட்டுரையை வாசித்தளித்தார். அத்தகைய பொருளைக் குழந்தை கொஞ்சுவது மட்டுமன்று, கடிக்கும், பிய்க்கும், வீசியெறியும் என்றும், அந்த அன்பையும் வெறுப்பையும் தாங்கிப் பிழைத்திருப்பதுதான் அந்தப் பொருளின் வேலை என்றும் அவர் சொன்னார். எங்கள் பள்ளியில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், வீட்டில் புதிதாகத் தங்கை பிறந்திருந்த மாதத்தில், தன் கரடியைச் சுவரில் எறிந்துகொண்டே இருந்தான். எறிவான், ஓடிப்போய் எடுப்பான், மீண்டும் எறிவான். நான் தடுக்காமல் அருகில் போய் உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு கரடியை எடுத்து அதன் முகத்தைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தான். பின் அதன் மூக்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. எச்சில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவாக, மெல்ல மெல்ல, சுண்ணாம்பு போன பிறகும் நிறுத்தாமல் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் எறிந்தபோதே 'பாவம், கரடிக்கு வலிக்கும், கரடி அழும்' என்று நான் சொல்லியிருந்தால் எறிவதை நிறுத்தியிருப்பான், ஆனால் துடைத்திருக்கமாட்டான். தன் கோபம் எதையும் அழித்துவிடவில்லை, கெடுத்ததைச் சரிசெய்யும் வழி தன் கையிலேயே இருக்கிறது என்று அவன் தானாகக் கண்டுபிடித்ததற்கும், நான் குற்ற உணர்வை ஊட்டி அவனை நிறுத்துவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. ஒருபோதும் கோபம் கொள்ளாத குழந்தையிடம் இருப்பது கனிவாக இருக்க வேண்டியதில்லை, அச்சமாகவும் இருக்கலாம்.

பொம்மையால் எதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹாரி ஹார்லோ 1958-இல் வெளியிட்ட குரங்குக் குட்டி ஆய்வுகளை உளவியல் படித்த எல்லோரும் அறிவார்கள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு போலித் தாயும், துண்டுத் துணி போர்த்திய இன்னொரு போலித் தாயும் வைக்கப்பட்டன. பால் கம்பித் தாயிடம் கிடைத்தபோதும், குட்டிகள் குடித்துவிட்டு வந்து பெரும்பாலான நேரம் துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன. இது மென்மையின் வெற்றியாகப் பேசப்படுகிறது. பின்னால் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் குட்டிகள் வளர்ந்தபோது மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாதவையாக இருந்தன. தாயானவற்றுள் பல தம் குட்டிகளைப் புறக்கணித்தன, சில துன்புறுத்தின. துணி ஆறுதல் கொடுத்தது. ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பெறவும், கடித்தால் விலகவும், அழுதால் அணைக்கவும் துணிக்குத் தெரியாது. பொம்மை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கனிவோடு வளரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். அதைத் தொட்டு ஆளும் மனிதக் கைகளைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

சரி, புதியது வாங்கலாமா? புரூஸ் ஹுட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008-இல் ஓர் அழகான ஆய்வை வெளியிட்டார்கள். எந்தப் பொருளையும் அச்சு அசலாக இன்னொன்று ஆக்கித்தரும் இயந்திரம் என்று சொல்லி, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு பெட்டியைக் காட்டினார்கள். அது மாயவித்தைக்காரரின் பெட்டி போன்றதுதான். சாதாரணப் பொம்மைகளின் நகலைக் குழந்தைகள் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இரவில் கட்டிக்கொண்டு உறங்கும் தங்கள் சொந்தப் பொம்மை என்று வந்தபோது பெரும்பாலோர் பழையதையே திரும்பக் கேட்டார்கள். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. அச்சு அசலாக இருந்தாலும் அது வேறு, இது வேறு என்று அந்த வயதில் ஒரு மனம் உணர்கிறது. கனிவுக்கு இந்த உணர்வு அடிப்படை. பொதுவாக எல்லோரிடமும் அன்பாக இரு என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்கு எதுவும் பிடிபடாது. அதற்கு ஈடாக இன்னொன்று கிடையாது என்ற ஒன்றை வைத்தே அது அன்பைத் தொடங்குகிறது.

இதை நான் என் வீட்டில் தவறு செய்துதான் கற்றேன். என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, அழுக்கேறிப்போன அவனுடைய துணி யானையை அவன் உறங்கும் நேரத்தில் எடுத்து, சோப்புத் தூளில் ஊறவைத்துத் துவைத்து, பளிச்சென்று காயவைத்துக் கொடுத்தேன். அவன் அதை வாங்கி, தும்பிக்கையை மூக்கில் வைத்து முகர்ந்தான். பின் எதுவும் சொல்லாமல் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அழக்கூட இல்லை. பத்து நாட்களுக்கு மேல் அதைத் தொடவில்லை. இரவுகளில் தூங்கவும் சிரமப்பட்டான். அந்தப் பொருளைத் துவைப்பது குழந்தையின் அனுபவத் தொடர்ச்சியை அறுத்துவிடும் என்று வினிகாட் எழுதியிருப்பதை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். படித்ததற்கும் அந்தத் தும்பிக்கையை அவன் கீழே வைத்ததைப் பார்த்ததற்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது. துவைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அவன் பார்க்க, வாசனையில்லாத சோப்பில் துவைத்திருக்கலாம். கொடியில் தொங்கும் யானைக்கு அருகில் அவன் நின்றுகொண்டிருந்திருப்பான்.

கவனித்துக்கொள்வது கவனிப்பவரையும் ஆற்றும் என்பதற்கு ஒரு சான்றை இங்கே சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு லெபனான் போரின்போது இஸ்ரேலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி இடம்பெயர்ந்த சிறு குழந்தைகளுக்கு, அவி சாதே என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சோகமான முகமுள்ள ஒரு நாய்ப் பொம்மையைக் கொடுத்தார்கள். இது வீட்டைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது, வருத்தமாக இருக்கிறது, நீ இதற்குத் துணையாக இருப்பாயா என்று கேட்டுக் கொடுத்தார்கள். அதை ஏற்று நன்றாகக் கவனித்துக்கொண்ட குழந்தைகளிடம் அச்சத்தின் அறிகுறிகள் குறைந்திருந்ததை 2008-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது. அஞ்சிய குழந்தையிடம் 'அஞ்சாதே' என்று சொல்லாமல், அஞ்சியிருக்கும் இன்னொன்றை அதன் மடியில் வைத்தார்கள். பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் நடத்தும் கரடிப் பொம்மை மருத்துவமனைகளும் இந்த வழியில்தான் நடக்கின்றன. குழந்தை தன் பொம்மையை நோயாளியாக அழைத்துவருகிறது, தானே பெற்றோராக அருகில் நிற்கிறது.

காது பிய்ந்த முயலுக்கு இனி வருவோம். என் சிறுவயதுத் துணிப்பொம்மையின் கை ஒருமுறை தோளோடு கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. அம்மா விளக்கடியில் உட்கார்ந்து தைத்தார். பொம்மையை என் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஊசியை உள்ளே விடுவதற்கு முன் பொம்மையைப் பார்த்து, "கொஞ்சம் குத்தும், பொறுத்துக்கோ, இதோ ஆச்சு" என்றார். எனக்காக நடித்தார் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. அதே தாழ்ந்த குரலில்தான் என் காலில் ஏறிய முள்ளையும் எடுப்பார். கிழிந்த இடத்தில் தையல் தழும்பு தெரிந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, விழுந்து முழங்காலில் அடிபட்டு அழுத ஒரு குழந்தைக்கு மருந்து வைக்கும்போது, என் வாயிலிருந்து 'இதோ ஆச்சு' என்று அதே குரல் வந்ததை நானே கேட்டேன்.

இதனால்தான் பெரியவர்கள் பொம்மையை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் நான் மிகுந்த அக்கறை காட்டுகிறேன். சொன்னபடி கேட்காவிட்டால் முயலைக் குப்பையில் போட்டுவிடுவேன் என்று மிரட்டுவது எவ்வளவு எளிதாக வாயில் வந்துவிடுகிறது! மெலிந்ததைப் பணயமாக வைத்துக் காரியம் சாதிக்கலாம் என்ற செய்தியை அது குழந்தைக்குக் கொடுக்கிறது. வந்த விருந்தினரின் பிள்ளை அழுகிறது என்பதற்காக அந்த ஒரு பொம்மையைப் பறித்துக் கொடுப்பதும் வேண்டாம். மற்றப் பொம்மைகளைப் பகிரட்டும், இது அவளுக்கு உறவு. ஆண்பிள்ளைக்கு எதற்குப் பாப்பா பொம்மை என்று கேட்டு அதை வாங்கி வைத்துவிடும் வீடுகளைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நாளைக்குத் தன் குழந்தையைத் தோளில் போடப்போகும் கை அது. அதற்குப் பழக வேண்டாமா? இன்னொரு பக்கம், எந்தப் பொம்மையிடமும் பற்று வைக்காத குழந்தைகளும் நிறைய உண்டு, அதில் குறை எதுவும் இல்லை. தாயின் அருகிலேயே உறங்கிப் பழகிய குழந்தைகளிடம் இந்தப் பற்று குறைவாகக் காணப்படுவதை 1970-களின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அவர்கள் கைப்பழக்கத்தை நாய்க்குட்டியிடமோ, செடியிடமோ, தம்பி தங்கையிடமோ பெறுவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் மட்டும் துணிப்பொம்மையோ தலையணையோ வைக்கக் கூடாது. மூச்சுத் திணறும் ஆபத்து இருப்பதால் குழந்தை மருத்துவர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். பொத்தானால் ஆன கண்களையும் இறுகத் தைத்திருக்கிறதா என்று அவ்வப்போது இழுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாய்க்கு நான் சொல்வது இதுதான். முயலை எறிய வேண்டாம், காதைத் தைத்துவிடுங்கள். மகள் பள்ளிக்குப் போயிருக்கும்போது முடித்துவிடாமல், அவள் அருகில் இருக்கும்போது செய்யுங்கள். அன்று அவள் அடித்ததைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். காது எப்படிப் பிய்ந்தது என்று அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 'நானும் அன்னைக்கு உன்மேல கத்திட்டேன்' என்று சொல்லத் தோன்றினால், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்லிவிடலாம். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாத சில சொற்கள், கை வேலையாக இருக்கும்போது எளிதாக வந்துவிடும். முயலை அவள் மடியில் வைத்துக்கொள்ளட்டும். ஊசி ஏறும் பக்கம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றக் காதை அவள் பிடித்துக்கொள்வாள். முயலின் நிறத்துக்குப் பொருந்தும் நூலைத் தேடி அலைய வேண்டாம். வீட்டில் இருக்கும் நூல்கண்டுகளை எல்லாம் எடுத்து அவள் முன்னால் வையுங்கள். எந்த நிறம் என்று அவள் சொல்வாள்.